உண்டெனலும் எழுதிக் காட்டலும்: சசாக்கி–ஐன்ஸ்ரைன் தூரவிதிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கலைப்பீட மாணவனொருவன் வகையீட்டுக் கேத்திரகணிதம் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மெய்யியலோடு கணிதத்தையும் ஒரு பாடமாகக் கற்று வருபவன் என்ற உரிமை ஒன்றே எனக்குண்டு. புதிய தேற்றமெதனையும் இக்கட்டுரை கூறாது. 2004ஆம் ஆண்டில் கோன்ற்லெற், மார்ற்றெல்லி, ஸ்பார்க்ஸ், வால்ட்ரம் ஆகிய நால்வரும் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையையும், சாள்ஸ் பொயர், கிரிஷ்டோவ் கலிட்ஸ்கி ஆகிய இருவரும் எழுதி 2008இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தினூடாக வெளிவந்த 'சசாக்கியக் கேத்திரகணிதம்' என்ற பெருநூலையும் அருகருகே வைத்து நோக்குவதே என் எண்ணம். இலக்கிய ஆக்கத்தை விமர்சிப்போர் 'இது எதனைக் கூறுகிறது?' என்று கேட்பதோடு நில்லாது 'எவ்வாறு கூறுகிறது, கூறாது விடுவது யாது?' என்றும் கேட்பர். அவ்வினாவைக் கணித ஆக்கத்தை நோக்கியும் எழுப்பலாம் என்பது என் துணிபு.

முதலிற் சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. மெற்றிக் எனப்படுவதனை ஈண்டுத் 'தூரவிதி' என வழங்குகிறேன். 'அளவை' என்பதே சிறந்த சொல்லாயினும் அது காட்சி, கருதல், உரை என நம் தருக்க நூலார் வகுத்த அளவைகளோடு மயங்கும். அவ்வளவைகளும் இக்கட்டுரையிற் பின்னர் வரவிருப்பதால் மயக்கத்தைத் தவிர்த்தல் நன்று.

வளைந்த வெளியொன்றில் அண்மையிலுள்ள இரு புள்ளிகளுக்கிடையேயான தூரம் யாது என்பதைப் புள்ளிக்குப் புள்ளி வரையறுப்பது தூரவிதி. அதிலிருந்து வெளியின் வளைவு பெறப்படும். ரிச்சி வளைவு என வழங்கும் ஒரு வகை வளைவு எவ்விடத்தும் தூரவிதியின் ஒரே மாறாத மடங்காக அமையுமாயின் அத்தூரவிதி ஐன்ஸ்ரைனின் பெயராற் குறிக்கப்படும். 1915இல் அவர் கண்ட ஈர்ப்புச் சமன்பாடுகள் சடமற்ற வெளியில் இவ்வடிவையே பெறுகின்றன. சொல்வதற்கு எளிதாயினும் தீர்ப்பதற்கு அரிய சமன்பாடு இது. தூரவிதியின் கூறுகள் யாவும் ஒன்றோடொன்று பெருக்கமுற்று, இரண்டாம் வரிசைப் பகுதி வகையீடுகளோடு பின்னிக் கிடக்கும்.

யப்பானியக் கணித அறிஞர் ஷிகெயோ சசாக்கி 1960இல் ஒற்றைப் பரிமாண வெளிகளுக்குரிய ஓர் அமைப்பினை அறிமுகப்படுத்தினார். அவர் கூறிய முறை சற்றுச் சிக்கலானது. இன்று அதனைக் கூம்பின் துணைகொண்டு விளக்குவர். ஒரு வெளியை அடியாகக் கொண்டு, ஆரை வளருந்தோறும் அவ்வெளியும் அதே விகிதத்திற் பெருக்குமாறு கூம்பொன்றை எழுப்புக. அக்கூம்பு சிக்கலெண்களுக்குரிய கேலர் அமைப்பினைப் பெறுமாயின் அடியிலுள்ள வெளி சசாக்கிய வெளி. கூம்பின் ரிச்சி வளைவும் முற்றாக மறையுமாயின் அடிவெளி சசாக்கி–ஐன்ஸ்ரைன் வெளி. ஐந்து பரிமாணத்தில் அதன் ரிச்சி வளைவு தூரவிதியின் சரியாக நான்கு மடங்காயிருக்கும். இத்தகைய வெளி ஒவ்வொன்றிலும் ரீப் காவி எனப்படும் ஒரு திசைப்புலம் ஓடிக்கொண்டிருக்கும். இத்திசை வழியே செல்லும் பாதைகள் யாவும் ஒரே நீளத்தில் மீண்டு வந்து மூடுமாயின் 'ஒழுங்கு' வகை. மூடினும் சில பாதைகள் குறுகியனவாயின் 'குறையொழுங்கு' வகை. எல்லாப் பாதைகளும் மூடுவதில்லையாயின் 'ஒழுங்கற்ற' வகை. இம்மூன்றாம் வகையைச் சுற்றியே நம் கதை நிகழ்கிறது.

ஒரு பொருள் உண்டு என நிறுவுவதற்கும் அதனை எழுதிக் காட்டுவதற்குமிடையே பெரும் வேறுபாடுண்டு. கலாபியின் ஊகத்தை யௌ நிறுவிய காலந்தொட்டு (முழுமையான நிறுவல் 1978இல் அச்சேறியது) இத்துறையின் பெருவெற்றிகள் 'உண்டு' எனும் வகையைச் சார்ந்தவை. தூரவிதி இருந்தே தீரும் என்பார்கள். அதன் வாய்பாட்டைக் கேட்டால் தருவதற்கில்லை. பொயர்–கலிட்ஸ்கி இருவரின் பணியும் இம்மரபின் உச்சங்களில் ஒன்று. கொல்லாருடன் இணைந்து 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஐம்பரிமாணக் கோளத்தின்மீது குறைந்தது 68 வேறுபட்ட ஐன்ஸ்ரைன் தூரவிதிக் குடும்பங்கள் உண்டென நிறுவினர். எழுபரிமாணக் கோளத்திற்கு 28 வகையீட்டு அமைப்புக்கள் உண்டென்பது முன்னரே அறியப்பட்டது. கோளத்தைப் போலிருந்தும் கோளமல்லாத அவ்விசித்திர வெளிகள் அனைத்தின்மீதும் ஐன்ஸ்ரைன் தூரவிதி உண்டு என்பதும் அதே ஆய்வின் முடிபு. புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற கருதலளவை இது. நெருப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனருகே சென்று குளிர்காய முடியாது.

அவர்களின் நூல் அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது. நூல் அச்சேறுமுன் 2007இல் கலிட்ஸ்கி காலமானார் என்பது அதனைக் கையிலெடுப்போர் மனங்கொள்ளத்தக்கது. நூலின் முதுகெலும்பாக அமைவது ஒரு மாடிப்படி உத்தி. மேலே ஐம்பரிமாண வெளி. ரீப் பாதைகள் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகச் சுருக்கினாற் கீழே நாற்பரிமாண வெளி. கீழ்வெளியில் அட்சரகணிதக் கேத்திரகணிதத்தின் துணையோடு ஐன்ஸ்ரைன் தூரவிதி உண்டென நிறுவி, பின்னர் அதனை மேலே ஏற்றிவிடலாம். குறையொழுங்கு வகையிற் கீழ்வெளி சில இடங்களிற் கூர்முனை பெறும். அதற்கும் அவர்கள் வழி வகுத்தனர். உத்தி நேர்த்தியானது. ஆயினும் பாதைகள் மூடாத ஒழுங்கற்ற வகையில் நிகழ்வது யாது? மூடாப் பாதையொன்று வளையப் பரப்பொன்றை நெருக்கமாகச் சுற்றிச் சுற்றி நிரப்பும். அதனைப் புள்ளியாகச் சுருக்க முயன்றால் அண்டைப் புள்ளிகளைப் பிரித்தறிய முடியாத குழப்பமே எஞ்சும். கீழ்வெளி என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை. எனவே மாடிப்படி உத்தி தன் இயல்பினாலேயே ஒழுங்கற்ற வகையைக் காணவியலாதது. இதனை நூலாசிரியர்மீது குறையாகச் சுமத்துவதற்கில்லை. ஆயினும் ஒரு முறை எதனைக் காட்டுகிறது என்பதோடு எதனை மறைக்கிறது என்பதையும் கேட்பது விமர்சகன் கடன்.

மறைப்பதன் விளைவு சிறிதன்று. 1994இல் சீகர், தியான் ஆகிய இருவரும், முதற்றரமான கேத்திரகணித அறிஞர், ஒழுங்கற்ற வகை சசாக்கி–ஐன்ஸ்ரைன் வெளிகள் இரா என்று ஊகித்தனர். அக்காலத்தில் அறியப்பட்ட உதாரணம் ஒன்றேனும் அவ்வகையினதாக இருக்கவில்லை. ஐம்பரிமாணத்தில் வாய்பாட்டோடு எழுதிக் காட்டப்பட்டவை கோளமும், இருபரிமாணக் கோளத்தையும் முப்பரிமாணக் கோளத்தையும் பெருக்கிப் பெறும் வெளியின்மீதமைந்த ஒன்றும், இவற்றைப் பகுத்துப் பெற்றனவுமே. இரண்டு உதாரணங்களை வைத்துக்கொண்டு உலகத்தின் எல்லையை வரையறுக்கத் துணிந்தமை பெரியோர்க்கும் நேரக்கூடிய வழுவென்றே சொல்லவேண்டும்.

பத்தாண்டுகளின் பின் வந்தது அந்த 2004ஆம் ஆண்டுக் கட்டுரை. எழுதியோர் நால்வரும் இழைக் கோட்பாட்டுப் பௌதிகத்திலிருந்து வந்தவர்கள். சசாக்கிய வெளிகளைத் தேடி அவர்கள் புறப்பட்டாரல்லர். பதினொரு பரிமாணக் கோட்பாடொன்றின் தீர்வுகளை வகைப்படுத்திய அவர்களது முந்திய ஆய்விலிருந்து, பரிமாணத்தைக் குறைத்தும் இரட்டை மாற்றம் செய்தும், இத்தூரவிதி கிடைத்தது. கட்டுரையின் நடை உலர்ந்தது. வாய்பாடு திடீரென முன்வைக்கப்படுகிறது. அதன்பின் அது சரியென்று காட்டப்படுகிறது. திரை விலகியதும் அரசன் அரியணையில் வீற்றிருப்பதைக் காண்கிறோம். அவன் நடந்து வந்த வழியை அறிய முந்திய கட்டுரைக்குத்தான் போகவேண்டும்.

வாய்பாட்டைச் சொற்களில் விளக்க முயல்கிறேன். ஐந்து ஆள்கூறுகளில் நான்கு சமச்சீரால் அடங்கிவிடுகின்றன. எஞ்சியது 'ய' என்ற ஒன்றே. தூரவிதியின் கூறுகள் யாவும் இந்த ஒரு மாறியையே சார்ந்துள்ளன. அவற்றின் நடுவே 'அ' என்னும் மாறிலியுடன் கூடிய முப்படிப் பல்லுறுப்பியொன்று நிற்கிறது: அ − 3ய² + 2ய³. மாறிலி 0இற்கும் 1இற்கும் இடைப்பட்டதாயின் இப்பல்லுறுப்பிக்கு மூன்று மெய்ம்மூலங்கள் உண்டு. ஒன்று மறை, இரண்டு நேர். மறைமூலத்திற்கும் சிறிய நேர்மூலத்திற்கும் இடையே மட்டும் 'ய' இயங்கலாம். அதற்கப்பால் பல்லுறுப்பி குறிமாறித் தூரத்தின் வர்க்கம் மறையெண்ணாகும். அவ்விரு எல்லைகளிலும் ஒரு வட்டம் சுருங்கிப் புள்ளியாகிறது, பூகோளத்தின் துருவங்களில் அகலக்கோட்டு வட்டங்கள் சுருங்குவது போல. பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளின் பெருங்காடொன்று பள்ளியிற் கற்ற முப்படிக் கோவைக்குள் அடங்கிவிட்டது என்பதை முதன்முறை உணர்ந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் ஒரு நுட்பத்தை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். 'அ' எதுவாயினும் வாய்பாடு சமன்பாட்டைத் திருப்தி செய்கிறது. ஆனால் எல்லா 'அ'க்களும் மூடிய, கூர்முனையற்ற வெளியைத் தருவதில்லை. ஐந்தாவது திசையிலுள்ள வட்டம் ஏனைய நான்கின்மீதும் முறுக்கின்றி ஒட்டுவதற்கு, முன்சொன்ன இரு மூலங்களின் வித்தியாசம் ஒரு விகிதமுறு எண்ணாதல் வேண்டும். அவ்வெண்ணை இரு முழுவெண்கள் தீர்மானிக்கின்றன. பி, கியூ எனக் கொள்வோம். இவற்றுள் பி பெரிது. இரண்டிற்கும் பொதுக்காரணி இல்லை. மூலங்களின் வித்தியாசம், கியூவின் மும்மடங்கைப் பியின் இருமடங்கால் வகுத்துப் பெறுவது. இவ்வாறு எண்ணத்தக்க முடிவிலித் தொகையான வெளிகள் கிடைத்தன. வை-பி-கியூ வெளிகள் என அவற்றை இன்று அழைப்பர்.

பியின் வர்க்கத்தை நான்காற் பெருக்கி, கியூவின் வர்க்கத்தின் மும்மடங்கைக் கழிக்க வருவது நிறைவர்க்கமாயின் அவ்வெளி குறையொழுங்கு வகை. அன்றாயின் ஒழுங்கற்ற வகை. 2, 1 எனும் எளிய சோடியை எடுப்போம். 16 − 3 = 13; நிறைவர்க்கமன்று. எனவே முதல் உதாரணமே சீகர்–தியான் ஊகத்தை வீழ்த்திவிடுகிறது. குறையொழுங்கு உதாரணமொன்று வேண்டுமாயின் சற்றுத் தேடவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துக்கொண்டு போனேன். பி 7 ஆகும் வரை எதுவும் அகப்படவில்லை. 7, 3 எனும் சோடிக்கு 196 − 27 = 169, அதாவது 13இன் வர்க்கம். 7, 5 எனும் சோடிக்கு 121, அதாவது 11இன் வர்க்கம். இராது எனக் கருதப்பட்ட வகையே இக்குடும்பத்தில் மலிந்தும், வழக்கமானதெனக் கருதப்பட்ட வகை அரிதாகவும் காணப்படுகின்றன!

இங்கு 'எழுதிக் காட்டல்' எனும் சொல்லைச் சோதிக்கவேண்டியுள்ளது. வாய்பாட்டு ஆதரவாளர் சிலர், உண்டெனும் தேற்றங்களை வெறுங்கை எனவும் வாய்பாட்டைக் கைப்பொருள் எனவும் பேசுவர். 2004ஆம் ஆண்டுக் கட்டுரையையே ஊன்றிப் படிப்போர் அவ்வளவு எளிதில் அப்படிப் பேசமாட்டார். அவ்வெளிகள் யாவும் இருபரிமாணக் கோளத்தினதும் முப்பரிமாணக் கோளத்தினதும் பெருக்கமே என்பது கட்டுரையின் தலைப்பிலேயே உள்ள முடிபு. அதனை அவர்கள் எவ்வாறு பெற்றனர்? ஓர் ஆள்கூற்று மாற்றத்தை எழுதிக் காட்டியா? அன்று. துளையற்ற ஐம்பரிமாண வெளிகளை வகைப்படுத்தி ஸ்மேல் 1962இல் நிறுவிய தேற்றத்தைத் துணைக்கழைத்து, சில எண்களைச் சரிபார்த்து, 'எனவே இதுவே அது' என்கின்றனர். தூரவிதி காட்சி, வெளியின் அடையாளமோ கருதல். இதனைக் குறையென்று நான் கூறவில்லை. காட்சியின் நடுவே கருதல் அமர்ந்திருக்கிறது என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

மற்றொன்றும் உண்டு. கீழேயுள்ள நாற்பரிமாணத் தூரவிதியின் உறவினர் 1987இல் பேஜ், போப் ஆகியோர் எழுதிய கட்டுரையிலேயே இடம்பெற்றிருந்தனர். நாற்பரிமாணத்தில் அத்தூரவிதி மூடிய வெளியொன்றாக நிறைவுபெறுவதில்லை. ஓரங்களிற் கூர்முனை எஞ்சும். எனவே பயனற்றதென ஒதுக்கத்தக்கது. ஐந்தாவது பரிமாணத்தின் வட்டத்தை அதன்மீது தகுந்தவாறு சுற்றும்போதோ கூர்முனைகள் மறைந்து, முழுமையான மூடிய வெளி எழுகிறது. கீழே உடைந்தது மேலே முழுமை பெறுகிறது. மாடிப்படியிற் கீழிருந்து மேலே ஏறியே பழகியவர்கள் கீழே உடைந்திருந்ததைக் கண்டு திரும்பிவிட்டனர். வாய்பாடு கைக்கெட்டும் தொலைவிற் கிடந்தும் கேள்வி கேட்கப்படவில்லை. எனவே வாய்பாடு இருந்தாற் போதும் என்ற வாதமும் நிற்காது.

2, 1 எனும் வெளிக்கு மீள்வோம். இக்கதையில் மிகவும் சுவையான பகுதி அதுவே. மார்ற்றெல்லி, ஸ்பார்க்ஸ் ஆகிய இருவரும் 2004இலேயே இவ்வெளியின் கூம்பு யாதென இனங்கண்டனர். வீழ்ப்புத் தளத்தில் ஒரு புள்ளியை ஊதிப் பெருப்பித்துப் பெறும் பரப்பின்மீதமைந்த கூம்பு அது. அப்பரப்பின்மீது கேலர்–ஐன்ஸ்ரைன் தூரவிதி இருக்கவே முடியாதென்பது மட்சுஷிமாவின் 1957ஆம் ஆண்டுத் தேற்றத்தால் அறியப்பட்டது. ஆகவே கூம்பின்மீதும் எதுவுமிராது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் ரீப் திசை பரப்பின் இயல்பான வட்டங்கள் வழியே செல்லாது சற்றே சாய்ந்து, விகிதமுறாச் சாய்வில், ஓடுமாயின் தடை விலகிவிடுகிறது. அச்சாய்விலேதான் √13 வந்து அமர்ந்திருக்கிறது. இவ்வெளியின் கனவளவு, பையின் மூன்றாம் அடுக்கினை (46 + 13√13) ஆற் பெருக்கி 324ஆல் வகுத்துப் பெறுவது. ஓரலகு ஆரையுடைய ஐம்பரிமாணக் கோளத்தின் கனவளவு பையின் மூன்றாம் அடுக்கேயாதலால், நம் வெளி அதன் 0.2866 பங்கு எனலாம்.

இதே √13ஐ வேறொரு வாயிலாலும் கண்டனர். மல்தசேனாவின் 1997ஆம் ஆண்டுக் கருத்தின்படி இத்தகைய வெளியொவ்வொன்றும் நாற்பரிமாணப் புலக் கோட்பாடொன்றுக்கு நிகரானது. வெளியின் கனவளவின் தலைகீழ் அக்கோட்பாட்டின் மைய மின்னேற்றமெனும் எண்ணைத் தரும். மேற்கூறிய கூம்புக்குரிய புலக் கோட்பாட்டில் அவ்வெண்ணை, தூரவிதி எதனையும் நோக்காமல், பேர்ற்றோலினி, பிகாஸி, கொற்றோனே ஆகிய மூவர் 2004இற் கணித்தனர். இன்ட்ரிலிகேற்றர், வெக்ட் ஆகியோர் 2003இற் கண்ட உயர்வாக்கல் விதியே அவர்களது கருவி. √13 அங்கும் வந்தது. எண் சரியாகப் பொருந்தியது. வாய்பாடொன்று இல்லாதிருப்பின் அவ்விரு எண்களையும் ஒப்பிட எவராலும் இயன்றிராது. எழுதிக் காட்டலின் வலிமைக்கு இதனிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாய்பாட்டின் ஆட்சி நீடித்ததா எனின், இல்லை. 2005இலேயே மார்ற்றெல்லி, ஸ்பார்க்ஸ், யௌ ஆகிய மூவரும், வளையச் சமச்சீர் மிக்க வெளிகளில், தூரவிதியை அறியாமலே ரீப் திசையையும் கனவளவையும் காணலாமெனக் காட்டினர். பன்முகக் கூம்பொன்றிலிருந்து பெறப்படும் சார்பொன்றை இழிவாக்கினாற் போதும். 2009இல் ஃபுட்டாக்கி, ஒனோ, வாங் ஆகியோர் அத்தகைய வெளிகளில் இயல்பான தடையொன்றில்லையாயின் சசாக்கி–ஐன்ஸ்ரைன் தூரவிதி உண்டென்றே நிறுவிவிட்டனர். ஒழுங்கற்ற வகைக்கு இப்போது 'உண்டு' எனும் தேற்றமும் கிடைத்துவிட்டது. தமது எழுத்தால் வெளிகளைக் கண்டவர்களுள் இருவரே எழுத்து வேண்டாத வழியையும் திறந்தனர் என்பது நோக்கற்பாலது. இதனைக் கொண்டு 'வாய்பாடு ஏணி, ஏறியபின் வீசிவிடலாம்' என்று கூறுவோருக்கு நான் உடன்படேன். ஒழுங்கற்ற வகை உண்டென்பது 2004இல் தெரிந்திராவிடின், இராதெனப் பெரியோர் உரைத்த ஒன்றை நிறுவ எவர் முயன்றிருப்பர்? உரையளவையின் பிடியைத் தளர்த்தியது காட்சியே.

வாய்பாட்டுக்கும் தனக்கேயுரிய எல்லையுண்டு. ஒழுங்கற்ற வெளியிற் பாதைகள் வளையப் பரப்புக்களை நிரப்புவதால் அவ்வெளிக்குக் குறைந்தது இரு சுயாதீனச் சமச்சீர்கள் இருந்தே தீரவேண்டும். வை-பி-கியூ வெளிகளுக்கோ அதனிலும் பல. சமச்சீர் மிக்கதே எழுதிக் காட்டற்கு எளிது. எனவே எழுதிக் காட்டப்பட்டவற்றை மட்டும் நம்பின், வெளிகள் யாவும் அழகாகச் சமச்சீர் பெற்றவை என்ற பொய்த்தோற்றம் எழும். பொயர்–கலிட்ஸ்கி–கொல்லார் நிறுவிய 28 ஏழுபரிமாணக் கோளங்களுள் வழக்கமானதொழிந்த ஏனையவற்றின் தூரவிதிகளை அம்மூவரும் வாய்பாடாக எழுதித் தரவில்லை; அவர்களது வழியில் அது வேண்டப்படவுமில்லை. அவ்வெளிகளுட் பலவற்றைக் கருதலன்றி வேறெதனாலும் நெருங்க முடியாதிருக்கலாம். 2005இல் ஸ்வெற்றிச், லூ, பேஜ், போப் ஆகிய நால்வரும் சுழலும் கருந்துளைகளின் தூரவிதியிலிருந்து மூன்று முழுவெண்களைக் கொண்ட விரிந்த குடும்பமொன்றைப் பெற்றனர். அங்கே சமச்சீர் சற்றுக் குறைய, வாய்பாடு உடனே நீண்டுவிடுகிறது.

2, 1 வெளியின் கனவளவை நான் இரு வழியாலும் கணித்துப் பார்த்தேன். முதலாவது, முப்படியின் மூலங்களைக் கண்டு தொகையிட்டு. இரண்டாவது, பன்முகக் கூம்பின் சமச்சீரைக் கொண்டு ஒரு மாறிச் சார்பாகச் சுருக்கி அதனை இழிவாக்கி. இரண்டாவது ஒரே தாளில் முடிந்தது. முதலாவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. இருமுறை குறிப்பிழை விட்டேன். இரு தாள்களிலும் ஈற்றில் 324 வந்து நின்றது. ஆனால் 'ய' ஏன் அந்தச் சிறிய நேர்மூலத்தைத் தாண்டக்கூடாது என்பதையும், தாண்டினால் அங்கே எது குலையும் என்பதையும் முதலாவது தாளிலேதான் கண்டேன்.